பெயர் சரியாக விழ வேண்டும்: வீட்டிலேயே செலவில்லாமல் பிறந்தநாள் பாட்டு செய்ய எந்தச் செயலி எதற்கு?

பிறந்தநாள் பாட்டைக் கேட்பவரின் காது ஒரே ஒரு இடத்துக்காகத்தான் காத்திருக்கிறது: தன் பெயர் வரும் இடம். மெட்டு சுமாராக இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெயரைக் கடித்துத் துப்பிவிட்டால் பாட்டு அங்கேயே படுத்துவிடும். ஆடாசிட்டி, கராஜ்பேண்ட், பேண்ட்லேப், சூனோ ஆகிய நான்கு செயலிகளையும் இங்கே அந்த ஒரு கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாத்தியம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், பெயரை மட்டும் உங்கள் வாயால் பாடிப் பதியுங்கள்.

பெயரைத் தட்டினால் உடனே பாட்டு தரும் இணையதளங்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அவற்றில் பல, ஏற்கெனவே பாடி வைத்த ஒரே பாட்டில் பெயர் இருக்கும் துண்டை மட்டும் மாற்றி ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் குரலின் அளவும் எதிரொலியும் மாறுவது நன்றாகவே கேட்கும். பட்டியலில் இல்லாத பெயர் என்றால் அதுவும் இல்லை. பாட்டை இறக்கும் கட்டத்தில் வந்து காசு கேட்பவையும் உண்டு.

சூனோ: இசை பிரமாதம், ழகரம் அதிர்ஷ்டம்

செயற்கை நுண்ணறிவில் பாட்டு செய்பவற்றில் அதிகம் பேசப்படுவது சூனோ. வரிகளை நீங்களே எழுதிக் கொடுக்கும் கஸ்டம் முறையில்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். 'என் தோழிக்குப் பிறந்தநாள் பாட்டு' என்று ஒரு வரி மட்டும் கொடுத்தால், யாருக்கும் பொருந்துகிற, அதனால் யாருக்குமே பொருந்தாத வரிகள் வந்து சேரும். ஸ்டைல் பெட்டியில் 'அகூஸ்டிக் கிடார், தபேலா, பெண் குரல், மிதமான வேகம்' என்ற அளவுக்குச் சொன்னால் போதும். இருபது சொல் அடுக்கினால் ஒன்றும் எடுபடாது.

இசையில் குறை சொல்ல ஏதுமில்லை. சிக்கல் உச்சரிப்பில். தமிழ் எழுத்தில் 'க' ஒன்றுதான், ஒலி இரண்டு மூன்று. 'கீதா' என்று எழுதினால் முதல் எழுத்தை வல்லொலியாகப் பாடுவதா மெல்லொலியாகப் பாடுவதா என்று எந்திரம் ஊகிக்கிறது. த, ப, ட எல்லாவற்றுக்கும் இதே கதை. ழ, ள, ல மூன்றும் ஒரே குழியில் விழுவதும் அடிக்கடி நடக்கும். பெயரை மட்டும் அசை பிரித்து, நடுவில் சிறு கோடு போட்டு எழுதிப் பாருங்கள். இல்லையென்றால் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், காதுக்குக் கேட்கிறபடி எழுதுங்கள். பாட்டின் ஓரிடத்தில் சரியாக வந்து அடுத்த இடத்தில் தவறாகவும் வரும், ஆகவே முழுப் பாட்டையும் கேட்காமல் அனுப்பாதீர்கள். இலவசக் கணக்கில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கிரெடிட், பதிவிறக்கம் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுவதால், கோப்பை இறக்க முடிகிறதா என்று வேலையைத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்ஸ்ட்ருமென்டலாக (குரல் இல்லாத இசையாக) எடுத்து அதன்மேல் பாடலாம் என்று தோன்றும். நீங்கள் கேட்ட வேகத்தை அது துல்லியமாகக் கடைப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. மெட்டும் அதன் இஷ்டப்படி திரும்பும். பாடிப் பழக்கம் உள்ளவர்கள் சமாளிப்பார்கள், மற்றவர்கள் இடைவெளி தெரியாமல் தடுமாறுவார்கள்.

செயலியைத் திறக்கும் முன் பெயரைத் தட்டிப் பாருங்கள்

வேலையில் பாதி இங்கேதான். 'யாழினி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். யா நெடில், ழி, னி இரண்டும் குறில். நான்கு தட்டு உள்ள தாளத்தில் யா-வுக்கு இரண்டு தட்டு, ழி-க்கு ஒன்று, னி-க்கு ஒன்று என்று கொடுத்தால் பேசுகிற மாதிரியே விழும். அதற்கு எதுகை பிடித்தால் பல்லவி தானாக வரும்:

யாழினி வாழி நீ
ஏழிசை போல நீ

இரண்டு வரிக்கும் தாளக் கணக்கு ஒன்றுதான். 'வாழி நீ', 'போல நீ' இரண்டிலும் முதல் அசைக்கு ஒன்றரை, நடு அசைக்கு அரை, 'நீ'-க்கு இரண்டு தட்டு. குறிலை இழுத்தால் பெயர் கெடும். 'ரவி' என்பவர் 'ராவீ' ஆகிவிடுவார். ஈற்றெழுத்தையும் பாருங்கள். கார்த்திக் போல வல்லின மெய்யில் முடிகிற பெயரைக் கடைசி எழுத்தில் நீட்ட முடியாது. நீட்டவே வேண்டுமென்றால் 'தி'-யைக் கொஞ்சம் மட்டும் நீட்டி, 'க்'கைத் தாளம் முடியும் இடத்தில் அடைக்க வேண்டும். முருகன் போல 'ன்'னில் முடிந்தால் முனகலாக நீட்டலாம்.

எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பிறந்தநாள் மெட்டிலேயே பாடுவதானால் இன்னொரு கணக்கு உண்டு. அது மூன்று தட்டுத் தாளம், நம் பேச்சில் திஸ்ரம். மூன்றாவது வரியில் பெயருக்கென்று இருப்பது இரண்டே சுரம்: முதலாவது குட்டை, இரண்டாவது நீளம். ஈரசைப் பெயர் அழகாக உட்காரும், யாழினி உட்காராது. 'டியர்' விழும் சுரத்தையும் சேர்த்துப் பெயருக்கே கொடுத்துவிடுங்கள். யா இரண்டு சுரத்தில் வழுக்கி இறங்கும், 'ழினி' கடைசிச் சுரத்தில் சேர்ந்துகொள்ளும்.

சுருதியை வாய்க்கு வந்தபடி இல்லாமல் கணக்கால் முடிவு செய்யுங்கள். இந்த மெட்டு கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேல் பஞ்சமம் வரை சரியாக ஒரு ஸ்தாயி போகிறது. மூன்றாவது வரியில் கீழிருந்து மேலுக்கு ஒரே தாவல். கூட்டமாகப் பாடும்போது குரல்கள் உடைவது எப்போதும் அந்த இடத்தில்தான், காரணம் யாரோ ஒருவர் உற்சாகத்தில் உச்சியில் தொடங்கியிருப்பார். 4 கட்டையில் எடுத்தால், மேற்கத்திய சுரப் பெயரில், கீழ் 'சி'-யில் தொடங்கி மேல் 'சி'-யில் நிற்கும். பிள்ளைகளும் பெண்களும் சிரமப்படாமல் எட்டுவார்கள். ஆண்கள் மட்டும் என்றால் 1 கட்டைக்கு இறக்கலாம்.

நீளம் ஒரு நிமிடம் போதும். நிமிடத்துக்கு 96 தட்டு என்று வேகத்தை வைத்தால் ஒரு தட்டு 0.625 விநாடி, நான்கு தட்டு கொண்ட ஒரு ஆவர்த்தம் 2.5 விநாடி. முன்னிசை 4 ஆவர்த்தம், பல்லவி 8, சரணம் 8, மீண்டும் பல்லவி 4. மொத்தம் 24 ஆவர்த்தம், சரியாக 60 விநாடி. மேலே உள்ள இரண்டு வரிப் பல்லவி 4 ஆவர்த்தம் பிடிக்கும், இருமுறை பாடினால் 8.

பதிவு: போனே போதும், புளூடூத் மட்டும் வேண்டாம்

தனி மைக் வாங்கத் தேவையில்லை. போனை வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேருக்கு நேர் வைத்தால் ப, ஃப ஒலிகளின் காற்று மைக்கில் 'புஸ்' என்று அடிக்கும். வெறும் சுவர் அறை எதிரொலிக்கும், அதைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுதாக எடுக்க முடியாது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பாடுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறப்பதுதான் எல்லா வீட்டுப் பதிவுகளின் பொது அடையாளம்.

வாத்தியத்தைக் கம்பி உள்ள ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். புளூடூத்தில் இரண்டு கோளாறு. ஒலி காதுக்கு வந்து சேரவே பத்தில் ஒரு விநாடிக்கு மேல் தாமதமாகும் என்பதால் நீங்கள் தாளத்தோடு பாடினாலும் பதிவில் பின்தங்கியிருக்கும். அதைவிட மோசம், அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பல ஹெட்செட்டுகள் தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறி, மொத்த ஒலியும் தகர டப்பாவுக்குள் போய்விடும். ஸ்பீக்கரில் வாத்தியத்தை ஓடவிட்டுப் பாடினால் அதுவும் குரல் பதிவில் ஏறும், பிறகு பிரிக்க முடியாது.

ஆடாசிட்டி: எங்கள் முதல் தேர்வு

ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் இந்தச் செயலி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், திறமூலம், கணக்குத் தொடங்க வேண்டாம், இணையமும் வேண்டாம். 2000-இல் முதல் பதிப்பு வந்தது. முகம் இன்றும் கொஞ்சம் பழசுதான். வாத்தியம் எதுவும் உள்ளே கிடையாது என்பதே பெரிய குறை. அதைக் கூகுளின் குரோம் மியூசிக் லேபில் உள்ள சாங் மேக்கர் ஈடுகட்டுகிறது. உலாவியில் கட்டம் கட்டமாகத் தட்டினால் மெட்டும் தாளமும் வரும். வேகத்தை 96 ஆக்கி, 4 ஆவர்த்தம் செய்து, வேவ் கோப்பாகச் சேமித்து ஆடாசிட்டியில் இறக்குமதி செய்யுங்கள். முடிவில் மிச்சம் இருந்தால் சரியாக 10.000 விநாடியில் வெட்டிவிட்டு, பிறகு ஐந்து முறை ஒட்டுங்கள். வெட்டாமல் ஒட்டினால் ஒவ்வொரு 10 விநாடிக்கும் தாளம் ஒரு முறை விக்கும்.

ஷிஃப்ட் அழுத்தி ஆர் தட்டினால் குரல் புதிய தடத்தில் பதிவாகும். அலையின் உச்சி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். 0-வை முட்டி நசுங்கிய ஒலிக்கு மருந்தில்லை. பாடத் தொடங்கும் முன் இரண்டு விநாடி சும்மா இருங்கள். அந்த அமைதியைத் தேர்ந்தெடுத்து, இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனில் நாய்ஸ் புரொஃபைல் (இரைச்சல் மாதிரி) எடுத்து, பிறகு குரல் தடம் முழுவதையும் தேர்ந்து இன்னொரு முறை திறந்து 6 முதல் 12 டெசிபெல் வரை குறைக்கலாம். பேராசையில் 24 வைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும்.

குரல் மொத்தமாகத் தாளத்துக்கு முன்னோ பின்னோ விழுந்தால் பாடியவரைத் திட்டாதீர்கள். ஆடாசிட்டி பதிவை மைனஸ் 130 மில்லிவிநாடி நகர்த்துவதை இயல்பாக வைத்திருக்கிறது, எல்லாக் கணினிக்கும் அது பொருந்தாது. ரிதம் டிராக் (தாளத் தட்டு மட்டும் உள்ள தடம்) ஒன்றை உருவாக்கி, ஹெட்போனை மைக்கில் ஒட்டி வைத்து அதையே பதிவு செய்யுங்கள். மூலத் தட்டுக்கும் பதிவான தட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அமைப்புகளில் லேட்டன்சி (தாமத) எண்ணைத் திருத்தினால் அந்தக் கருவிக்கு வேலை முடிந்தது. போனில் பதிந்த எம்4ஏ கோப்பை விண்டோஸ் ஆடாசிட்டி திறக்க மறுத்தால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நூலகத்தைச் சேர்க்க வேண்டும்.

கராஜ்பேண்ட் ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வாத்தியம், டிரம்மர், பதிவு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் அவர்களுக்கு வேறொன்றும் தேவையே இல்லை. ஐபோனில் முதல் முறை திறப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: பாடல் பகுதியின் நீளம் 8 ஆவர்த்தம் என்றே இருக்கும், அதற்குமேல் பதியாது. வலது மேல் மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தட்டி, செக்‌ஷனை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். மேக்கில் சுருதியைத் திருத்தும் பிட்ச் கரெக்‌ஷனை நகர்த்தும் முன் பாட்டின் சுருதியைக் கொடுங்கள். அதை முழுவதும் ஏற்றினால் கமகம், குழைவு எல்லாம் சலவைக்குப் போன சட்டை மாதிரி விறைத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு தாராளம்.

பேண்ட்லேப் ஆண்ட்ராய்டு போன் மட்டும் கையில் உள்ளவர்களுக்கு. லூப்புகள் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகள்) நிறைய, சுருதியைத் திருத்தும் ஆட்டோபிட்ச் உண்டு, உலாவியிலும் ஓடும். கணக்குத் தொடங்க வேண்டும், இணையமும் வேண்டும். சில வசதிகள் கட்டண உறுப்பினர்களுக்கு என்று பூட்டியிருக்கும், அவை இல்லாமலே ஒரு நிமிடப் பாட்டு முடியும். பதிவுத் தாமதத்தைச் சரிசெய்யும் அமைப்பை முதலில் ஓட்டிவிடுங்கள். குழந்தையின் பெயர் உள்ள பாட்டு என்றால் பப்ளிஷ் பொத்தானைத் தொடாமல் கோப்பை இறக்கிக்கொள்வதே நல்லது.

கலப்பும் அனுப்புதலும்

குரல் தடத்தில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டுங்கள், அங்கே இருப்பது மேசை அதிர்வும் காற்றும்தான். பாடும் இடங்களில் வாத்தியத்தை குரலைவிட 6 முதல் 10 டெசிபெல் தாழ்த்துங்கள். பெயர் வரும் ஆவர்த்தத்தில் மட்டும் தபேலாவை நிறுத்திவிடுவது செலவில்லாத தந்திரம். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) கொஞ்சம் போதும். அதிகமானால் முதலில் கரைவது பெயர்தான். கடைசியில் நார்மலைஸ் கொடுத்து ஒலியின் உச்சியை மைனஸ் 1 டெசிபெல்லில் நிறுத்தி, எம்பி3 192 கிலோபிட்டில் சேமியுங்கள். ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாமல் போன் ஸ்பீக்கரிலும் ஒரு முறை போடுங்கள். ஆழமான பேஸ் அதில் கேட்காது, பேஸை மட்டும் நம்பிய தாளம் காணாமல் போயிருக்கும்.

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் பிடித்து அனுப்பினால் இத்தனை உழைப்பும் பேச்சுத் தரத்துக்கு நசுங்கும். கோப்பை டாக்குமென்டாக இணையுங்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆங்கில மெட்டு 1893-இல் ஹில் சகோதரிகள் வெளியிட்ட பள்ளிப் பாடலுடையது. வரிகளுக்கு உரிமை கோரிய நிறுவனத்தின் கோரிக்கை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் 2015-இல் சொன்னது, 2016-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆக மெட்டையும் வரியையும் தாராளமாகப் பாடலாம். ஆனால் வேறொருவர் பதிந்த அதன் கரோக்கே அவருடைய சொத்து. சினிமாப் பாட்டு மெட்டில் வரி மாற்றிப் பாடி வீட்டுக்குள் ஒலிக்கவிடுவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. ஏற்றினால் யூடியூபின் உரிமை கண்டறியும் முறையான கன்டென்ட் ஐடி பிடித்து வீடியோவை முடக்கலாம், அல்லது விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பலாம். சாங் மேக்கரில் நீங்களே தட்டிய மெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.