ஆறு வருடமாக ஓடும் என் 12 வோல்ட் ஃப்ளைபேக்

ரவுட்டருக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் சேர்த்து 12 வோல்ட், 2 ஆம்பியர் தரும் ஃப்ளைபேக் (வீட்டு மின்சாரத்தை வேகமாக வெட்டி, ஒரு காயில் வழியாகத் தவணை தவணையாகத் தள்ளும் வகை) பவர் சப்ளை ஒன்றை நானே டிசைன் செய்து மாட்டி ஆறு வருடம் ஆகிறது. ராத்திரி பகல் ஓடுகிறது. நடுவில் இரண்டு முறை படுத்துவிட்டது. பயந்து பயந்து கணக்குப் போட்ட இடத்தில் பழுது வரவே இல்லை. யோசிக்காமல் விட்ட இடத்தில்தான் இரண்டு முறையும் வந்தது.

மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்சை ஆன், ஆஃப் செய்யும் கன்ட்ரோலர் ஐசி பழைய யூசி3842, வேகம் 65 கிலோஹெர்ட்ஸ். 90 முதல் 265 வோல்ட் ஏசி வரை தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். திறன் 80 சதவீதம் என்றால் உள்ளே 30 வாட் வாங்கும். ஏசியை டிசியாக்கியதும் தேக்கி வைக்கும் பல்க் கெபாசிட்டரில் குறைந்தபட்சம் 100 வோல்ட் டிசி, டியூட்டி (சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரப் பங்கு) 0.5 என்று எடுத்தால் பிரைமரியில் (மெயின்ஸ் பக்கச் சுற்றில்) உச்ச மின்னோட்டம் 1.2 ஆம்பியர், இண்டக்டன்ஸ் சுமார் 640 மைக்ரோ ஹென்றி. ஈஈ25 ஃபெரைட் கோரில் பிரைமரி 64 சுற்று, வெளியீட்டுப் பக்கச் செகண்டரி 8, கன்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் ஆக்ஸிலரி 10.

இதை ட்ரான்ஸ்ஃபார்மர் என்பது வாய்ப்பழக்கம்தான். மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, ஆஃப் ஆனதும் மறுபக்கம் தள்ளிவிடும் காயில் அது. அந்த ஆற்றலில் பெரும்பகுதி இருப்பது ஃபெரைட்டில் இல்லை, நடுக்காலில் விட்ட 0.4 மில்லிமீட்டர் காற்று இடைவெளியில். இடைவெளி விடாமல் மூடிவிட்டால் கோர் உடனே சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி), மின்னோட்டம் எகிறி மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும்.

முதல் காயிலில் பிரைமரி முழுவதையும் சுற்றிவிட்டு அதன் மேல் செகண்டரியைச் சுற்றினேன். செகண்டரியை ஷார்ட் செய்து அளந்தால் லீக்கேஜ் (செகண்டரியோடு இணையாமல் தனித்து நிற்கும் இண்டக்டன்ஸ்) 5 சதவீதத்துக்கு மேல். 200 வோல்ட் டிசி மட்டும் கொடுத்தபோதே மாஸ்ஃபெட்டின் ட்ரெயின் காலில் 480 வோல்ட் ஊசி (நொடிப்பொழுதில் எகிறி இறங்கும் வோல்டேஜ்) நின்றது. 265 வோல்ட் ஏசியில் டிசி 375 வரை போகும்; அப்போது அந்த ஊசி 650ஐத் தாண்டும். என் மாஸ்ஃபெட்டே 650 வோல்ட் தான். பிரித்தேன். பிரைமரியில் 32 சுற்று, அதன் மேல் மூன்றடுக்கு இன்சுலேஷன் வயரில் செகண்டரி, அதற்கு மேல் மீதி 32. லீக்கேஜ் 2 சதவீதத்துக்கு இறங்கியது, அதே 200 வோல்ட் டிசியில் ஊசியும் 375க்குள் அடங்கியது. ஃபுல் லோடில், அந்த ஊசியின் ஆற்றலை எரித்துத் தீர்க்கும் கிளாம்ப் ரெசிஸ்டரின் சூடும் மூன்றரை வாட்டிலிருந்து ஒன்றரைக்கு வந்துவிட்டது. அந்தக் காயிலை அதன் பிறகு நான் தொடவே இல்லை.

(ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிரைமரி பக்கம் மாட்டாதீர்கள். முதல் முறை பவர் கொடுக்கும்போது தொடரில் ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். அணைத்த பிறகும் பல்க் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கும்.)

எட்டாவது மாதம் முதல் படுக்கை. செகண்டரி டயோடு ஷார்ட். தப்பு முழுக்க என்னுடையது. வெளியே வருவது 12 வோல்ட் தானே, 60 வோல்ட் தாங்கும் ஷாட்கி டயோடு தாராளம் என்று போட்டிருந்தேன். மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது டயோடு பின்பக்கமாகத் தாங்க வேண்டியது 12 வோல்ட்டோடு பல்க் டிசியில் எட்டில் ஒரு பங்கையும் (64 சுற்றுக்கு 8) சேர்த்து. 230 வோல்ட் ஏசியிலேயே அது 52ஐத் தாண்டும், அதன் மேல் ரிங்கிங் (அதிர்ந்து அடங்கும் ஊசிகள்) வேறு. 100 வோல்ட் டயோடு போட்டு, அதன் குறுக்கே ரிங்கிங்கை அடக்க ஒரு ஸ்னப்பரும் வைத்தேன். கரண்ட் லிமிட் வேலை செய்ததால் மாஸ்ஃபெட் பிழைத்தது.

இரண்டாவது, நான்காவது வருடம். கரண்ட் போய் வந்தது, இது மட்டும் எழுந்திருக்கவில்லை. காதை அருகில் வைத்தால் விட்டு விட்டு 'டிக்', வெளியே எல்ஈடி லேசாக மினுக்கி அணைகிறது. முந்தின நிமிடம் வரை நன்றாக ஓடிய சப்ளை! காரணம் கன்ட்ரோலருக்கு மின்சாரம் தரும் சின்ன 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். யூசி3842 விழித்துக்கொள்ள 16 வோல்ட் வேண்டும், 10க்குக் கீழே போனால் தூங்கிவிடும். அந்த இடைவெளியில் ஆக்ஸிலரி சுற்று பொறுப்பேற்கும் வரை தாங்கிப்பிடிப்பது இந்தக் கெபாசிட்டர்தான். கழற்றி அளந்தால் மிச்சம் 6 மைக்ரோ ஃபாரட். ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவே போதும், தொடங்குவதற்குப் போதாது. அதனால்தான் அணைக்காத வரை எந்த அறிகுறியும் தெரியவில்லை.

ஏன் காய்ந்தது என்று பார்த்தால், போர்டில் அதைக் கிளாம்ப் ரெசிஸ்டரை ஒட்டி வைத்திருந்தேன். பத்து டிகிரி சூடு ஏறினால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தெரியும், ஆனால் போர்டு வரையும்போது இடம் கச்சிதமாக இருக்கிறதே என்ற சந்தோஷம்தான் இருந்தது. இப்போது 105 டிகிரி ரகம் போட்டு, கால்களை நீட்டித் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.

சின்னக் குறைகளும் உண்டு. இரைச்சலை அடக்கப் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே போட்ட 2.2 நானோ ஃபாரட் ஒய் கெபாசிட்டரால் ரெக்கார்டரின் உலோகப் பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கணக்குப்படி 0.2 மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், ஆபத்தில்லை. இருந்தாலும் 1 நானோவுக்கு மாற்றிவிட்டேன். கன்ட்ரோலரை முதலில் எழுப்பும் ஸ்டார்ட் அப் ரெசிஸ்டர் எப்போதும் 0.6 வாட்டை விழுங்குவது இன்னும் உறுத்துகிறது. மறுபடி செய்தால் உள்ளேயே ஹை வோல்டேஜ் ஸ்டார்ட் உள்ள கன்ட்ரோலரைத்தான் எடுப்பேன்.

வெளியீடு முதல் நாள் 12.06 வோல்ட், போன வாரம் 12.04. வெளியீட்டை அளக்கும் டிஎல்431க்கும், அதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஆப்டோகப்ளர் பிசி817க்கும் வேறு என்ன சான்றிதழ் தருவது? இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை வேண்டுமென்றே அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் போட்டுப் பார்க்கிறேன். இதுவரை முதல் 'டிக்'கிலேயே எழுந்துவிடுகிறது.