சிட்டிசன்ஷிப் ஜட்ஜிடம் போக முதல்: லொறி ஓட்டுகிறவர்களுக்கு உதவுகிற ஒரு கன்சல்டன்ட்

ஸ்காபரோ, மார்க்கம் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற குடியுரிமை கன்சல்டன்ட் ஒருவரின் அலுவலகம் இது. கனடாக் குடியுரிமைச் சோதனையில் பாஸ் பண்ணின பிறகும் என்னுடைய ஃபைல், அதிகாரி சந்தேகப்பட்டால் விசாரித்து முடிவு சொல்கிற சிட்டிசன்ஷிப் ஜட்ஜிடம் போனது. குடியுரிமைக்குத் தேவையானபடி ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் நின்றேனா என்பதில் அதிகாரிக்குச் சந்தேகம். வின்சர் பாலத்தால் அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுகிறவனின் பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் வைத்து யாரும் கணக்குப் பார்க்க ஏலாது.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு வேலைதான். கனடா எல்லைச் சேவையிடம் என் பயணப் பதிவை எடுப்பித்தார்கள். அமெரிக்காவுக்குள் போனதைக் காட்டுகிற ஐ-94 பதிவு, கொம்பனி லொக்புக், டீசல் ரசீது எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அட்டவணையாக்கினார்கள். போகிற நாளும் திரும்புகிற நாளும் கனடாவில் நின்ற நாளாகத்தான் கணக்கு. திங்கள் போய் புதன் வந்தால் கழிபடுவது செவ்வாய் மட்டும். காலையில் போய் இரவே வந்தால் ஒன்றும் கழிபடாது. என்னைப் போல எல்லை தாண்டி ஓட்டுகிறவனுக்கு இந்தச் சின்ன விதிதான் உயிர்.

பிறகு ஒத்திகை. அங்கே வேலை செய்கிற தங்கச்சி அட்டவணையில் ஒரு வரியில் விரலை வைத்தா: “அண்ணை, பஃபலோவில் டீசல் அடிச்சிருக்கிறீங்கள். அண்டு இரவு எங்க படுத்தனீங்கள்?” நான் உத்தேசமாக ஏதோ சொல்லத் தொடங்க, உடனே மறித்தா. “நினைவில்லை எண்டா நினைவில்லை எண்டு சொல்லுங்கோ, தாளைப் பார்த்துச் சொல்லட்டோ எண்டு கேளுங்கோ.” ஜட்ஜும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்டார். கூண்டும் இல்லை, கறுப்பு அங்கியும் இல்லை. வீடியோவில் ஆறுதலாகத்தான் கதைத்தார். ஆனால் ஒவ்வொரு பயணமாக விடாமல் கேட்டார். பக்க இலக்கம் போட்ட ஃபைல் கையில் இருந்ததால் தடுமாறவில்லை. முடிவு எனக்குச் சாதகமாக வந்தது.

குறையும் உண்டு. ஒரு முழு மாலையை, குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கிற ‘டிஸ்கவர் கனடா’ புத்தகத்தில் கரைத்தார்கள். மாகாணத் தலைநகரங்களைப் பாடமாக்குவது சோதனைக்குச் சரி, நாள் கணக்கு விசாரணைக்கு எதற்கு? அந்த நேரத்துக்கும் காசு எடுத்தார்கள். ஃபோட்டோகொப்பிக்குத் தனி பில். ஃபோன் அடித்தால் மறுநாள்தான் திருப்பி எடுப்பார்கள்.

வருடத்தில் ஒருக்கால் ஊருக்குப் போய் வருகிற ஆள் என்றால் இவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அரசாங்கத்தின் ஒன்லைன் நாள் கணிப்பான் இலவசம், அதோடு வேலை இடத்தில் தருகிற டி4 சம்பளப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால் நீங்களே பார்க்கலாம். லொறிக்காரர் என்றால் தாராளமாகப் போங்கள். காசு கட்ட முதல் கன்சல்டன்டின் பெயர், கன்சல்டன்ட்மாருக்கு லைசென்ஸ் கொடுக்கிற கொலிஜின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இவருடையது இருந்தது. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கீழே நகைக்கடைச் சனத்தால் கார் விட இடம் கிடையாது.