தெற்கே நேசமணி, வடக்கே ம.பொ.சி.

தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டம் என்றால் நாகர்கோவிலில் நேசமணி, திருத்தணியில் ம.பொ.சி. இருவரில் அதிகம் சாதித்தவர் யார் என்றால், என் ஓட்டு நேசமணிக்கே. காரணம், அவருடைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேர்தலில் வென்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலச் சட்டமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடிய தமிழர்களைப் போலீஸ் சுட்டது. மறுவருடமே அந்த மாநில முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சி கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. கேட்ட தேவிகுளமும் பீருமேடும் கிடைக்கவில்லை. அதனால்தான் முல்லைப் பெரியாறு அணை இன்றும் கேரள எல்லைக்குள் நிற்கிறது.

ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்திடம் தெருப் போராட்ட பலம் இருந்தது, சட்டமன்ற பலம் இல்லை. 1953இல் சித்தூர் மாவட்டம் ஆந்திராவோடு போனது. நடுவராக வந்த படாஸ்கரின் சமரசத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி திரும்பியது, பதிலுக்குச் சில கிராமங்களைக் கொடுத்துத்தான். திருப்பதி வரவேயில்லை.