அக்டோபரில் சிகாகோவிலிருந்து ஒருநாள் கட்டடச் சுற்று: ப்ளேனோவா, ரசீனா, கொலம்பஸா?

சிகாகோ டவுன்டவுனை விட்டு நகராமலே நாள் முழுக்கக் கட்டடம் பார்க்கலாம். ஆனால் அக்டோபர் நடுவில், மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் மாறியிருக்கும்போது, நாலைந்து நண்பர்கள் ஒரே காரில் ஏறி வெளியூர் போய்விட்டு இரவுக்குள் திரும்புவதில் தனி சுகம். அதற்குத் தோதான ஊர்கள் மூன்று: இல்லினாயில் ப்ளேனோ, விஸ்கான்சினில் ரசீன், இண்டியானாவில் கொலம்பஸ். மூன்றிலும் கட்டடக்கலை ஜாம்பவான்கள் கைவைத்திருக்கிறார்கள். எது உசத்தி என்று ஆரம்பித்தால் கார் கிளம்பும் முன்பே சண்டை வந்துவிடும். நான் பார்ப்பது இரண்டே விஷயம். இலையுதிர்காலத்தில் போவதால் அந்த இடத்துக்கு ஏதாவது கூடுகிறதா? வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கட்டடத்தில் நாட்டமே இல்லையென்றாலும் பொழுது போகுமா?

ரசீனைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எழுபத்தைந்து மைல், ஒன்றரை மணி நேரம். எஸ்.சி. ஜான்சன் கம்பெனிக்கு ஃப்ராங்க் லாயிட் ரைட் கட்டிய தலைமை அலுவலகம் 1939இல் திறந்தது. அதன் பெரிய ஹாலில் நிற்கும் தூண்கள் அடியில் ஒன்பதே அங்குலம்; மேலே போகப் போக விரிந்து, உச்சியில் சுமார் 18 அடி அகலத்துக்கு அல்லி இலைபோல் வட்டமாகப் பரந்திருக்கும். இவ்வளவு ஒல்லியான தூண் தாங்காது என்று அதிகாரிகள் அனுமதி தர மறுத்தார்கள். 1937இல் மாதிரித் தூண் ஒன்றை நிறுத்தி மேலே எடை ஏற்றிக் காட்டினார் ரைட். 12 டன் தாங்கினால் போதும் என்றார்கள். 60 டன் வரை ஏற்றியும் நின்றது. அந்த வட்டங்களுக்கு இடையே கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார். வெளிச்சம் வரும், வெளியே எதுவும் தெரியாது. ரைட் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார். ஊழியர் கண்ணைத் தெருப் பக்கம் போகவிடவில்லை. ஆக, பிப்ரவரியில் போனாலும் அதே ஹால், அதே வெளிச்சம். இலையுதிர்காலம் வாசலோடு நின்றுவிடும். மழை நாளுக்கு ரசீனை மிஞ்ச ஆளில்லை. டூரும் இலவசம், முன்பதிவு மட்டும் வேண்டும். ஊரின் டேனிஷ் பேக்கரிகளில் கிரிங்கிள் என்ற ஓவல் வடிவப் பேஸ்ட்ரி கிடைக்கும். பீக்கன் பருப்பு வைத்ததை வாங்குங்கள்.

ப்ளேனோ இதற்கு நேர் எதிர். அறுபது மைலுக்குள், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்காக மீஸ் வான் டெர் ரோ கட்டி 1951இல் முடித்த வீடு. வெள்ளை பூசிய எட்டு இரும்புத் தூண்கள், ஒரு தரை, ஒரு கூரை, நாலு பக்கமும் கண்ணாடி. வீடு மொத்தமும் ஒரே அறை, சுமார் 1,500 சதுர அடி. செலவு விவகாரத்தில் டாக்டரும் மீஸும் கோர்ட் வரை போனார்கள். நாலு பக்கமும் ஆட்கள் பார்க்கும் வீட்டில் வாழ்வதைப் பற்றி அந்த அம்மாளுக்கு ஏகப்பட்ட ஆதங்கம், நியாயம்தானே? வெள்ளத்துக்குப் பயந்து தரையை ஐந்தடிக்கு மேல் தூக்கிக் கட்டியும், 1954இலும் 1996இலும் 2008இலும் ஆறு உள்ளே வந்துவிட்டது.

ஆனால் அக்டோபரில் பார்க்க வேண்டிய வீடு இதுதான். வரவேற்பு மையத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். சருகு மிதித்துக்கொண்டே போனால் மரங்களுக்கு நடுவே முதலில் வெள்ளைக் கோடுகள் தெரியும், அப்புறம்தான் வீடு. உள்ளே நின்றால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மேப்பிளும் ஓக்கும் நிற்கும். வெயில் சாயும்போது டிராவர்டைன் என்ற சுண்ணக்கல் தரையில் மஞ்சள் ஏறும். இந்த வீட்டுக்கு வால்பேப்பர் ஒட்டுவது பருவம்தான் என்றால் மிகையில்லை. குறை என்ன? ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கூட வந்தவர்களில் ஒருவராவது ‘இவ்வளவுதானா?’ என்பார். அவருக்காக அங்கிருந்து மேற்கே ஸ்டார்வ்டு ராக் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாம்: மணற்பாறைப் பள்ளத்தாக்குகள், இல்லினாய் ஆறு. ஒன்றே ஒன்று, வார நாளில் போங்கள். அக்டோபர் சனி, ஞாயிறுகளில் அங்கே பார்க்கிங் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கொலம்பஸ்தான் மூன்றிலும் விருந்து. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு டீசல் இன்ஜின் ஊர். அந்த இன்ஜின்களைச் செய்யும் கம்மின்ஸ் கம்பெனியை நடத்திய ஜே. இர்வின் மில்லர் 1950களில் ஒரு ஏற்பாடு செய்தார்: பள்ளிக்கூடமோ தீயணைப்பு நிலையமோ கட்டுங்கள், நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய ஃபீஸை எங்கள் அறக்கட்டளை கொடுத்துவிடும். விளைவு, டவுன்டவுனில் நடக்கிற தூரத்திலேயே எலியல் சாரினெனின் 1942 தேவாலயமும், எதிரே ஐ.எம். பெய் கட்டிய 1969 நூலகமும், இரண்டுக்கும் இடையில் ஹென்றி மூரின் வெண்கல வளைவும். அந்த வளைவுக்குள் ஆள் புகுந்து போகலாம். கட்டடம் பிடிக்காதவர்கூட அங்கே போட்டோ எடுப்பார். எலியலின் மகன் ஈரோ சாரினென் வரைந்த அறுகோணத் தேவாலயம் (1964) பார்க்க மட்டும் கார் வேண்டும். 192 அடி ஊசிக் கோபுரம் தூரத்திலிருந்தே வழிகாட்டிவிடும். நடுவில் இளைப்பாற 1900 முதல் இருக்கும் ஸஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை.

இலையுதிர்கால ஆட்களுக்கு இங்கே மில்லர் வீடு (1957). வீடு ஈரோ சாரினெனுடையது, உள்ளலங்காரம் அலெக்சாண்டர் ஜிரார்டுடையது, தோட்டம் டான் கைலியுடையது. கைலி வரிசையாக நட்ட ஹனி லோகஸ்ட் மரங்களின் இலை புளிய இலை மாதிரி பொடிசு. உதிரும்போது குவியாது, மஞ்சள் தூளாய்த் தரையில் பரவும். சீக்கிரமே நிறம் மாறும் மரம் என்பதால் அக்டோபர் கடைசி வரை தள்ளிப்போட வேண்டாம்.

கொலம்பஸுக்கு நாம் கொடுக்கும் விலை நேரம்தான். 225 மைல், போக மட்டும் நாலு மணி நேரம். போதாக்குறைக்கு அந்த ஊர் கிழக்கு நேர மண்டலம்: ஆறு மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது கடிகாரம் பதினொன்று காட்டும். மில்லர் வீட்டு டூரைக் காலையில் பதிந்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேருவதைவிட மதியத்துக்குப் பதிவதே புத்திசாலித்தனம்.

என் ஓட்டு இப்படி. ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்து, மில்லர் வீட்டு டிக்கெட்டும் கையில் இருந்தால், யோசிக்காமல் கொலம்பஸ். டிக்கெட் கிடைக்கவில்லையா? எட்டு மணி நேரக் காருக்கு அது கட்டுப்படியாகாது, ப்ளேனோவுக்குத் திருப்புங்கள். முதல் நாளே மழை என்று சொல்லிவிட்டார்களா, ரசீன். கார் ஓட்டவே யாருக்கும் மனசில்லையென்றால் க்ரீன் லைன் ரயிலில் சிகாகோவை ஒட்டியுள்ள ஓக் பார்க் போய் இறங்கலாம். ரைட்டின் வீடும் ஸ்டூடியோவும், கான்கிரீட்டில் அவர் எழுப்பிய யூனிட்டி டெம்பிளும் நடை தூரத்தில் இருக்கின்றன. ஸ்டூடியோ வளாகத்தில் ஒரு பெரிய கிங்கோ மரம் உண்டு. கிங்கோ ஒருமுறை உதிர்க்க ஆரம்பித்தால் ஓரிரு நாளில் மொட்டையாகிவிடும், அதனால் தேதி குறிக்கும் முன் மரத்தின் நிலவரத்தை அங்கே இருப்பவர்களிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.