வந்தேன், வந்திருக்கேன், வந்திருந்தேன்: ஆங்கிலத்தில் எதற்கு எது?

தம்பு செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறான். வேலையில் கெட்டிக்காரன். போன மாதம் கஸ்டமருக்கு ஒரு மெயில் போட்டான்: ‘தி கன்டெய்னர் ஹேட் ரீச்ட் தி யார்ட் யெஸ்டர்டே.’ கொஞ்ச நேரத்தில் பதறிக்கொண்டு போன் வந்தது. ‘வந்திருந்தது, சரி. இப்போ எங்கே இருக்கு? வேற எங்கயாவது மாத்திட்டீங்களா?’ பெட்டி திருவொற்றியூர் யார்டில் பத்திரமாகத்தான் இருந்தது. கஸ்டமரைக் கலங்கடித்தது ‘ஹேட்’ என்ற ஒரு சொல்.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். ‘ஹேட் போட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்க்கா’ என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘நேத்து உங்க வீட்டுக்கு வந்தேன்’ என்பதைவிட ‘வந்திருந்தேன்’ என்பது நம் காதுக்குப் பதமாக இருக்கும். தமிழில் அந்த ‘இருந்தேன்’ தனியாகவே நிற்கும். ஆங்கில ‘ஹேட்’ அப்படி நிற்காது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சம்பவம் வேண்டும். ‘இது முன்னாடி நடந்தது, அதுக்கப்புறம் வேறொன்று நடந்தது’ என்று அது சொல்ல வருகிறது. அந்த ‘அப்புறம்’ என்னவென்றுதான் கஸ்டமர் பதறிப் போய்க் கேட்டார்.

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனை வைத்து அவனுக்குச் சொன்னேன். ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெய்ன் லெஃப்ட்’ என்றால், நான் போய்ச் சேர்ந்தேன், வண்டி நகர்ந்தது; கடைசிப் பெட்டி போவதைக் கண்ணால் பார்த்தேன். ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட்’ என்றால், நான் போகும்போது பிளாட்பாரம் காலி. ‘ஹேட்’டின் வேலை இந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான். எது முன்னே எது பின்னே என்று ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ மாதிரி சொற்களே காட்டிவிட்டால் அதுகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ‘ஐ ஏட் பிஃபோர் ஐ லெஃப்ட்’ சரியான வாக்கியம். நம் ஊர் ஆபீஸ் மெயில்களில் நான் பார்க்கிற ‘ஹேட்’களில் பாதிக்கு மேல் தாராளமாக எடுத்துவிடலாம்.

அடுத்து ‘கேம்’, ‘ஹேவ் கம்’ இரண்டுக்கும் நடுவே வரும் குழப்பம். இங்கே பார்க்க வேண்டியது காலத்தைக் குறிக்கும் சொல். முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் வந்துவிட்டால் ‘ஹேவ்’வுக்கு இடமில்லை. ராயபுரம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி ஸ்டேஷன் ஓபன்ட் இன் 1856’: வருஷம் சொல்லிவிட்டோம், அதனால் வெறும் இறந்தகாலம். ‘தி ஸ்டேஷன் ஹேஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் 1856’: அன்று எழுந்த கட்டடம் இன்னும் நிற்கிறது, அதனால் ‘ஹேஸ்’. வருஷம் இரண்டிலும் ஒன்றுதான். ‘இன்’ போட்டால் அன்றோடு முடிந்தது, ‘சின்ஸ்’ போட்டால் இன்றுவரை நீள்கிறது. ‘திஸ் மார்னிங்’ இன்னும் நுணுக்கமானது. காலை பத்து மணிக்கு ‘ஹேவ் யூ ஸீன் ஹிம் திஸ் மார்னிங்?’ என்று கேட்கலாம். அதே கேள்வியை மதியம் மூணு மணிக்குக் கேட்டால் காலை முடிந்துவிட்டது, அதனால் ‘டிட் யூ ஸீ ஹிம்’ என்றுதான் வரும்.

நம்மை நிஜமாகவே வழுக்க வைக்கிற இடம் வேறு. காலையில் கதவைத் திறக்கிறீர்கள், தெருவெல்லாம் தண்ணீர். ‘நேத்து ராத்திரி நல்லா மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம். பார்க்கவில்லை, ஈரத்தை வைத்து ஊகித்துச் சொல்கிறோம். தமிழில் ‘இருக்கு’ செய்கிற அருமையான வேலை இது, பள்ளிக்கூட இலக்கணத்தில் யாரும் நமக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. அதை அப்படியே தூக்கி ‘இட் ஹேஸ் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்’ என்று வைத்தால் தப்பு. ஆங்கில ‘ஹேஸ்’ ஊகத்தைச் சுமக்காது, ‘லாஸ்ட் நைட்’டோடும் சேராது. ‘இட் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்’ என்று நேராகச் சொல்லலாம். ஊகம்தான் முக்கியம் என்றால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்’. ‘அவன் நேத்தே பணம் கட்டியிருக்கான்’, ‘போன வாரமே லெட்டர் வந்திருக்கு’ எல்லாம் இதே ரகம்தான். ‘ஹேஸ் பெய்ட் யெஸ்டர்டே’ என்று கை தானாக எழுதிவிடும், நிறுத்த வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். ‘சாப்ட்டியா?’ என்கிறோம், எங்கள் பக்கம் ‘துன்னியா?’ என்றும் கேட்பார்கள். இரண்டுமே வெறும் இறந்தகாலம். இங்கிலாந்துக்காரர் இதைப் பெரும்பாலும் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பார். ‘டிட் யூ ஈட்?’ என்பது அமெரிக்காவில் சகஜம். இரண்டையும் எழுதலாம், யாரும் மார்க்கைக் குறைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், பரீட்சைத் தாளில் முதலாவது பத்திரம்.

‘போயிருக்கான்’ தனிக் கதை. ‘அவன் எண்ணூர் போயிருக்கான்’ என்றால் ஆள் இப்போது இங்கே இல்லை: ‘ஹி ஹேஸ் கான் டு எண்ணூர்.’ ‘நான் ரெண்டு தடவை எண்ணூர் போயிருக்கேன்’ என்றால் போய்த் திரும்பியாயிற்று: ‘ஐ ஹேவ் பீன் டு எண்ணூர் ட்வைஸ்.’ நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு இரண்டு. எதிரே உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு எண்ணூர்’ என்று சொன்னால் கேட்பவர் குழம்பத்தான் செய்வார்.

எதைப் போடுவது என்று நிஜமாகவே தெரியாதபோது வெறும் இறந்தகாலத்தையே போடு என்றுதான் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நேரத்தையும் கூடவே எழுதிவிட்டால் அதில் தப்பு வருவது அபூர்வம். இப்போது அவன் மெயில் இப்படிப் போகிறது: ‘தி கன்டெய்னர் ரீச்ட் தி யார்ட் யெஸ்டர்டே. வீ ஹேவ் பெய்ட் தி டியூட்டி.’ பெட்டி நேற்று வந்தது, அதனால் ‘ரீச்ட்’. டியூட்டி கட்டியாயிற்று, இனி எடுக்கலாம் என்பது இன்றைய சேதி, அதனால் ‘ஹேவ் பெய்ட்’.

அவனிடம் மிச்சமிருப்பது ‘ஐ டிடின்ட் வென்ட்’ ஒன்றுதான். அதற்குத் தமிழையே துணைக்குக் கூப்பிடலாம். ‘போனேனில்லை’ என்றா பேசுகிறோம்? ‘போகவில்லை’ என்கிறோம், ‘போக’வில் காலமே கிடையாது. அதே மாதிரி ‘டிடின்ட்’டுக்குப் பின்னால் ‘கோ’ மட்டும் போதும். கேள்வியிலும் அப்படியே: ‘டிட் யூ கோ?’

நேற்று சாயங்காலம் கிளம்பும்போது அவன் என்னிடம் வந்து, ‘அக்கா, ‘டிட் யூ ஸா’வும் தப்புதானே?’ என்று கேட்டான். ஆமாம்ப்பா, அதுவும் ‘டிட் யூ ஸீ’தான்.