எஸ்டெஸ் சி11-3 மோட்டார்: பழைய பிக் பெர்த்தாவுக்குப் பொருந்துமா?

அமெரிக்க நிறுவனமான எஸ்டெஸின் 1960-கள் மாடல் ராக்கெட்டுகளில் பிக் பெர்த்தாவின் அழகே தனி: 61 செ.மீ. நீளம், ஏறத்தாழ 42 மி.மீ. தடிமன், அகன்ற நான்கு பால்சா துடுப்புகள். பழைய வரைபடப்படி கட்டினால் 18 மி.மீ. மோட்டார்தான் போகும். அந்த அளவிலான சி6-5 அதை நிதானமாகத் தூக்கும் (எழுத்து மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு, முதல் எண் நியூட்டனில் சராசரி உந்துவிசை, கடைசி எண் எரிந்து முடிந்து பாராசூட் வெளிவரும் வரையிலான வினாடிகள்). ஆனால் காற்று அடிக்கும் நாளில், ஏவும்போது வழிகாட்டும் கம்பியான ராடை விட்டதுமே காற்று வரும் திசைக்குத் தலை சாய்ந்துவிடும்.

24 மி.மீ. சி11-3 சரிசெய்வது இதைத்தான். இரண்டிலும் மொத்தக் கணத்தாக்கு (சராசரி உந்துவிசை × எரியும் நேரம்) 9 நியூட்டன்-வினாடியை ஒட்டியே. உச்ச உந்துவிசை மட்டும் சி6-இல் சுமார் 14 நியூட்டன், சி11-இல் சுமார் 22. உயரம் பெரிதாக அதிகரிக்காது. ராடை விடும் வேகம் கூடும். சிறிய மைதானத்துக்கு இதுவே சரியான தேர்வு. டி12-5-உம் அதே 24 மி.மீ. குழாயில் நுழையும், ஆனால் கணத்தாக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பு. பரந்த திடல் இருந்தால் மட்டும் போடுங்கள்.

மோட்டாரைத் தாங்கும் மவுண்டுக்கு வேண்டியவை: 75 மி.மீ. நீள பிடி-50 குழாய் (24 மி.மீ. மோட்டார் நுழையும் அளவு), அதை பிடி-60 உடல் குழாயின் (பிக் பெர்த்தாவின் அளவு) நடுவில் நிறுத்தும் சென்டரிங் ரிங் இரண்டு, 70 மி.மீ. மோட்டாரைப் பிடித்து வைக்கும் கொக்கி, மோட்டாரின் உந்தலைத் தாங்கும் ஒரு த்ரஸ்ட் ரிங். முன்முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளிக் கீறிக் கொக்கியைச் செருகினால், மோட்டார் பின்னால் 5 மி.மீ. நீட்டியிருக்கும், பிடித்து இழுக்க அது போதும். த்ரஸ்ட் ரிங்கைக் கொக்கி வளைவுக்கு முன்னால் ஒட்டுங்கள். அதை விட்டுவிட்டால் மோட்டாரின் முழு உந்தலும் கொக்கியில் விழுந்து குழாயைக் கிழிக்கும். பின் ரிங்கில் கொக்கி அசைய ஒரு வெட்டு வேண்டும். உடல் குழாய்க்குள் பசை தடவியதும் மவுண்டை நிற்காமல் ஒரே தள்ளலில் அனுப்புங்கள். நடுவில் நிறுத்தினால் பசை பிடித்து அங்கேயே நின்றுவிடும். பின் ரிங்கின் விளிம்புக்கு வெளியிலிருந்தே பசை போடலாம்.

பலர் கோட்டை விடுவது எடையில். சி11, சி6-ஐவிட ஏறக்குறைய 10 கிராம் கூடுதல்; டி12 சுமார் 20 கிராம் கூடுதல். அது முழுக்க வாலில் ஏறுவதால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகும். ஈர்ப்பு மையத்திலிருந்து மோட்டார் 21 செ.மீ., நோஸ் கோனில் (மூக்குக் கூம்பில்) வைக்கும் எடை 28 செ.மீ. தள்ளி இருந்தால், 10 கிராமுக்கு 7.5 கிராம் களிமண் ஈடுகட்டும். புது மவுண்டின் கூடுதல் எடையையும் இதே கணக்கில் சேருங்கள். மோட்டார் ஏற்றிய நிலையில் ஈர்ப்பு மையம், அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை ஒட்டுமொத்தமாகச் செயல்படும் புள்ளி) ஓர் உடல் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும். ராக்கெட் வடிவமைப்புக்கான ஓப்பன்ராக்கெட் மென்பொருள் இலவசம், அதில் சரிபார்த்துவிடுங்கள்.

பழைய பெட்டியோடு கிடைக்கும் மோட்டார்களைப் பற்ற வைக்கவே வேண்டாம். பல ஆண்டு வெயிலிலும் குளிரிலும் கருமருந்து உறையிலிருந்து விலகியிருக்கலாம். எரியும் பரப்பு திடீரென்று பெருகி மோட்டார் வெடிக்கும்.

24-இலிருந்து 18 மி.மீ.க்கு மாற்றும் அடாப்டர் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால், அதே ராக்கெட்டில் பி6-4-உம் ஓடும்.