டெலிகா கேம்பர் வேன்ல ஆறு வருஷம், ஊட்னடாட்டா டிராக்ல கூட்டமா போன ஒன்பது நாள்

வேன் வாங்கினப்பவே எழுதணும்னு நினைச்சது, ஆனா ஒரு நீளமான மண் ரோட்டுல போட்டு ஓட்டாம இந்த வண்டிய பத்தி பேசுறது சரியா படல. இப்ப பேசலாம்.

நாங்க இருக்கிறது தெற்கு ஆஸ்திரேலியால, அடிலெய்ட்ல. நான், வீட்டம்மா, பதினோரு வயசு பொண்ணு. 2018ல ஜப்பான்ல இருந்து செகண்ட் ஹேண்டா இறக்குமதி ஆன மிட்சுபிஷி டெலிகா எல்400 ஒண்ணு வாங்கினோம், 2.8 லிட்டர் டர்போ டீசல், ஆட்டோமேடிக், ஃபோர் வீல் டிரைவ். மிட்சுபிஷியோட பஜேரோ ஜீப்ல வர்ற அதே சூப்பர் செலக்ட் ஃபோர் வீல் சிஸ்டம் தான் இதுலயும், அதனால தார் ரோட்டுல மழை பெய்ஞ்சா கூட ஃபோர் வீல்ல போட்டு ஓட்டலாம், மண்ணு மணல்னு வந்தா முன் பின் சக்கரத்தை ஒண்ணா சுத்த வைக்கிற சென்டர் லாக், அதுக்கும் மேல மெதுவா பலமா இழுக்கிற லோ ரேஞ்ச் கியர். வெளியில பாத்தா ஸ்கூல் வேன் மாதிரி இருக்கும், அடியில பாத்தா ஜீப். பின்னாடி சீட்டை எல்லாம் எடுத்துட்டு ப்ளைவுட்ல கட்டில், கட்டிலுக்கு அடியில டிராயர், சின்ன கிச்சன், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், கூரை மேல சோலார் பேனல், சீட்டுக்கு பின்னாடி லித்தியம் பேட்டரின்னு எல்லாத்தையும் நானே ஒரு வருஷம் வார இறுதில உக்காந்து பண்ணேன். பொண்ணுக்கு முன் சீட்டுக்கு மேல குறுக்க ஒரு தொங்கு படுக்கை.

முதல் அஞ்சு வருஷம் நாங்க தனியாதான் போவோம். ஃப்ளிண்டர்ஸ் ரேஞ்சஸ், யார்க் பெனின்சுலா, இந்த பக்கம் ரோப்னு ஒரு கடலோர ஊர். எல்லாமே ஒரு நாள் இல்ல ரெண்டு நாள் தூரம், ஏதாவது ஆச்சுன்னா போன்ல சிக்னல் கிடைக்கும். அதனால வண்டியும் நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுது, நான் பண்ணின வேலையும் நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுது.

2024 ஜூலை ஸ்கூல் லீவுல தான் முதல் தடவையா கூட்டத்தோட போனோம். மொத்தம் ஏழு வேன், ஏழுமே ஃபோர் வீல் கேம்பர். நாலு டெலிகா, ரெண்டு ஹையேஸ், ஒரு பெரிய ஸ்ப்ரின்டர். மெல்போர்ன்ல இருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் வந்திருந்தாங்க, மத்தவங்க எல்லாம் இந்த ஊர்க்காரங்க. லீடர் எழுபது தாண்டின ஒரு அம்மா, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், அந்த ரோட்டுல பல தடவை போனவங்க.

ஊட்னடாட்டா டிராக்னா மாரீல ஆரம்பிச்சு மார்லால முடியுற சுமார் 620 கிலோமீட்டர் மண் ரோடு. பழைய கான் ரயில் போன பாதையை ஒட்டியே போகும். அந்த ரயில் மாரீக்கு 1884ல வந்துச்சு, ஊட்னடாட்டாவுக்கு 1891ல, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர 1929 ஆயிடுச்சு, 1980ல இந்த லைனையே மூடிட்டாங்க. அதுக்கும் முன்னாடி 1872ல முடிச்ச டெலிகிராஃப் கம்பியும் இந்த பக்கமா தான் போச்சு. ஏன் எல்லாமே இதே வழின்னா, தண்ணி. பூமிக்கு அடியில இருக்கிற கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் தண்ணி இந்த ஓரத்துல தான் வரிசையா ஊத்தா மேல வருது. இந்த மண்ணோட பழங்குடிகளான அரபானா மக்கள் காலங்காலமா நடந்த வழி, அப்புறம் ஒட்டகம், கம்பி, ரயில், இப்ப நம்ம வேன், எல்லாரும் ஊத்துக்கு ஊத்து போனவங்க தான். இது தெரிஞ்சப்புறம் அந்த ரோட்டுல போறதே வேற மாதிரி இருந்துச்சு எனக்கு.

மாரீல வண்டிய நிறுத்தினதும் முதல் வேலை டயர் காத்து. நான் 40 பிஎஸ்ஐ வச்சிருந்தேன், 35க்கு இறக்கினா போதும்னு நினைச்சு நின்னுட்டு இருந்தப்ப மெல்போர்ன் அண்ணை வந்து டயரை காலால தட்டிப் பாத்துட்டு, "தம்பி, இன்னும் இறக்குங்கோ, ரோட்டு அடிக்கிற அடிய டயர் வாங்கட்டும், வாகனம் வாங்க வேண்டாம்"னார். 27க்கு இறக்கினேன். அதுக்கப்புறம் 70 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகக்கூடாதுன்னு லீடர் அம்மா ரேடியோல சொல்லிட்டாங்க.

ரேடியோ பத்தி ஒரு வார்த்தை. வண்டிக்கு வண்டி பேசிக்கிற யுஹெச்எஃப் ரேடியோ இல்லாம இந்த மாதிரி கூட்டத்துல சேராதீங்க. எங்க ஏழு பேருக்கும் ஒரே சேனல், ஸ்பிரின்டர்ல மட்டும் ரெண்டாவது ரேடியோ வச்சு லாரிக்காரங்க பேசுற 40ம் சேனலை கேட்டுட்டே வந்தாங்க. எதிர்ல ரோட் டிரெயின்னு சொல்ற நீளமான லாரி வந்தா முன்னாடி போற லீடர் சொல்லுவாங்க, நாங்க ஓரமா நின்னுடுவோம், ஏன்னா மூணு டிரெய்லர் இழுத்துட்டு அது போனதும் கொஞ்ச நேரம் கண்ணு முன்னாடி செவப்பு புழுதி தவிர ஒண்ணும் தெரியாது. வேனுக்கு வேன் ஒரு கிலோமீட்டர் இடைவெளி, பகல்லயும் ஹெட்லைட், கிளை ரோடு வந்தா பின்னாடி வர்ற வண்டி கண்ணுல படுற வரைக்கும் அந்த திருப்பத்துல நிக்கணும். இந்த ஒரு பழக்கத்தால ஒன்பது நாள்ல யாரும் வழி தவறல.

முதல் நாள் டிராக்ல, டிங்கோங்கிற காட்டு நாய்ங்களத் தடுக்கப் போட்ட வேலிய தாண்டினோம், செங்குத்தா நட்டு வச்ச ரெண்டு ஏரோப்பிளேன் பாத்தோம், அப்புறம் லேக் ஏர் சவுத். கடல் மட்டத்துக்கு கீழ இருக்கிற ஏரி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை உப்பு. ஏரிப் படுகைல இறங்க வேண்டாம்னு அரபானா மக்கள் கேட்டுக்கிட்டிருக்காங்க, அதனால மேட்டுல நின்னே பாத்தோம். அதுக்கப்புறம் பப்ளர்னு ஒரு ஊத்து, வட்டக் குளத்துல அடியில இருந்து மணலோட தண்ணி புரண்டு வந்து குமிழி வெடிக்கும். பொண்ணு அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரல. ராத்திரி கவர்ட் ஸ்பிரிங்ஸ்ல தங்கினோம், பழைய ரயில் கட்டைய வச்சு கட்டின சின்ன குளத்துல வெதுவெதுன்னு தண்ணி, சுத்தி பேரீச்ச மரம். ஜூலை குளிர்ல அந்த தண்ணில உக்காந்தா எந்திரிக்க மனசே வராது.

இனி வண்டி விஷயம்.

மணல் தான் பயம்னு நினைச்சுட்டு போனேன், மணல் ஒரு பிரச்சனையே இல்ல. காரிகேஷன் தான். மண் ரோட்டுல துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியா இருக்குமே அது. மணிக்கணக்கா தடதடன்னு அடிக்கும்போது வேன்ல இருக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூவும் தன் வேலைய விட்டுட்டு கழண்டு வர பாக்குது. கவர்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டி முப்பது கிலோமீட்டர்ல பின்னாடி பெரிய சத்தம், "ஏங்க நிறுத்துங்க நிறுத்துங்க"ன்னு வீட்டம்மா. ஃப்ரிட்ஜ் வச்சிருந்த ஸ்லைடோட போல்ட் ரெண்டு அறுந்து ஃப்ரிட்ஜ் அப்படியே கிச்சன் டிராயர் மேல சாஞ்சிடுச்சு. சாம்பார் பொடி பாட்டில் உடைஞ்சு மெத்தை பூரா பொடி. நான் போட்டது வெறும் மர ஸ்க்ரூவும் ரெண்டு சின்ன போல்ட்டும், ப்ளைவுட்ல. அது வேன் பாடி இரும்போட சேத்து, அடியில தகடு வச்சு போட்டிருக்கணும். ரேடியோல சொன்னதும் முன்னாடி ரெண்டு வண்டி திரும்பி வந்துச்சு, ஹையேஸ்காரர் கிட்ட பெரிய போல்ட், நட்டு, டிரில் மெஷின் எல்லாமே இருந்துச்சு, நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுது. தனியா வந்திருந்தா ஃப்ரிட்ஜை கயித்துல கட்டி வச்சுட்டு திரும்பி இருப்பேன்.

அடுத்த நாள் காலைல பேட்டரி சார்ஜ் ஏறல. சோலார் பேனல் போச்சுன்னு நினைச்சேன். அண்ணை மல்டிமீட்டர் எடுத்துட்டு வந்து பேனல்ல இருந்து ஒவ்வொரு இணைப்பா பாத்துட்டே வந்தார், கடைசில நெகட்டிவ் டெர்மினல்ல நட்டு லூஸ், ஸ்பிரிங் வாஷர் போடல நான். தொட்டா சூடா இருந்துச்சு, இன்னும் ரெண்டு நாள் அப்படியே ஓட்டியிருந்தா தீ கூட பிடிச்சிருக்கலாம், அதை நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது. படுக்கைக்கு பக்கத்துல பேட்டரி வைக்கிறவங்க தயவு செஞ்சு தினமும் சாயங்காலம் ஒரு தடவை எல்லா டெர்மினலயும் கையால அசைச்சு பாருங்க.

வண்டி மட்டும்னு பாத்தா டெலிகா என்னை கைவிடல. இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கிறதால ஆயில், பெல்ட் பாக்கணும்னா சீட்டைத் தூக்கணும், மண்ணுல நின்னு அத பண்றது கஷ்டம் தான். டீசல் டெலிகாவுக்கு எதிரி சூடு. கூலன்ட் குறைஞ்சது தெரியாம ஓட்டினா இஞ்சின் ஹெட்டு போயிடும்னு இந்த வண்டிய வச்சிருக்கிற எல்லாருமே சொல்லுவாங்க, வாங்கின முதல் மாசமே கூலன்ட் குறைஞ்சா கத்துற அலாரம் ஒண்ணு போட்டேன், ஆறு வருஷத்துல நான் பண்ணின நல்ல செலவு அது தான். மைலேஜ் ஹைவேல நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர், டிராக்ல ஃபோர் வீல்ல 13.5. டிராக்ல பெட்ரோல் பங்க் இருக்கிற ஊர்களுக்கு நடுவுல சுமார் 200 கிலோமீட்டர் தான், 75 லிட்டர் டேங்குக்கு அது தாராளம், அதனால தனி கேன்ல டீசல் சுமக்க வேண்டியதில்ல. தண்ணிக்கு தான் எடைய ஒதுக்கணும், நாங்க மூணு பேருக்கு 80 லிட்டர் வச்சிருந்தோம்.

புழுதி உள்ள வர்றது தனிக் கதை. முதல் நாள் ஜன்னல் எல்லாம் மூடியும் மெத்தை மேல செவப்பு மாவு தூவின மாதிரி இருந்துச்சு. லீடர் அம்மா சொன்ன வழி: பின்னாடி ஏசி வென்ட், கூரை வென்ட் எல்லாம் மூடிட்டு முன்னாடி ஃபேனை வெளிக்காத்துல வச்சு வேகமா ஓட விடணும், உள்ள காத்தழுத்தம் கூடி புழுதி நுழையாது. முன்னாடி போற வண்டியோட புழுதிக்குள்ள போகாம இடைவெளி விட்டா தான் இது வேலை செய்யும். ரெண்டாவது நாள்ல இருந்து பாதிக்கும் மேல குறைஞ்சுது.

வில்லியம் க்ரீக்ல ஒரு நாள் மாட்டிக்கிட்டோம். ராத்திரி லேசா தூறல் தான், காலைல ரோடு மூடியாச்சுன்னு போர்டு. அந்த மண்ணு நனைஞ்சா களிம்பு மாதிரி, மூடின ரோட்டுல போனா அபராதமும் போடுவாங்க, வண்டி போற தடத்துல பள்ளம் விழுந்து மத்தவங்களுக்கும் ரோடு நாசம். சுத்தி உலகத்துலயே பெரிய மாட்டுப் பண்ணையான அன்னா க்ரீக், அதுக்கு நடுவுல பத்து பேர் இருக்கிற ஊர். முதல்ல எரிச்சலா இருந்துச்சு, ஆனா இந்த டிரிப்புல எனக்கு ரொம்ப உபயோகமான நாள் அது தான். ஏழு வேனும் கதவைத் திறந்து வச்சு, ஒருத்தர் வேனுக்குள்ள ஒருத்தர் போய் பாத்தோம். ஹையேஸ்காரர் கனமான சாமான் எல்லாம் ரெண்டு ஆக்ஸிலுக்கு நடுவுல தாழ வச்சிருந்தார். என் வேன்ல பாதி எடை பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி தொங்கிட்டு இருந்துச்சு, பின் ஷாக் அப்சார்பர் ஏன் அவ்வளவு சூடாச்சுன்னு அப்ப தான் புரிஞ்சுது. அன்னைக்கே டூல் பாக்ஸையும் தண்ணி கேனையும் முன்னாடி மாத்தினேன், மறுநாள் வண்டி ஆடுறது நல்லாவே குறைஞ்சுது.

அன்னைக்கு மத்தியானம் அக்கா, அதாவது அண்ணையோட மனைவி, கேஸ் அடுப்புல குழாய்ப் புட்டு அவிச்சாங்க, கூட கத்தரிக்காய் குழம்பு. நாங்க கொண்டு போன புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும். லீடர் அம்மா புட்டை தேன் ஊத்தி ரெண்டு தடவை வாங்கி சாப்பிட்டாங்க. பிள்ளைங்க எந்த மொழில பேசிக்கிட்டாங்கன்னு தெரியல, ஆனா பேசிக்கிட்டே இருந்தாங்க.

கூட்டத்துல கஷ்டமும் இருக்கு. ஸ்பிரின்டர் கனமான வண்டி, அதோட ஷாக் ஒண்ணு ஒழுக ஆரம்பிச்சதும் எல்லாரும் 50ல போக வேண்டியதாச்சு, அவங்க சாமான்ல கொஞ்சம் எங்க வேனுக்கும் வந்துச்சு. ரெண்டு நாள் இருட்டின அப்புறம் தான் கேம்ப் போட்டோம், அதுல ஒருத்தருக்கு கோவம். என்னைக் கேட்டா மெதுவா போற வண்டி தான் வேகத்தை முடிவு பண்ணணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கணும். எட்டு வண்டிக்கு மேல போற கூட்டத்துல நான் சேர மாட்டேன், இறங்கி ஏறவே பாதி நாள் போயிடும்.

அல்ஜிபக்கினா பாலத்துக்கு கீழ போட்ட கேம்ப் தான் எல்லாருக்கும் பிடிச்சது. 578 மீட்டர் நீளம், ரயிலே வராத இரும்புப் பாலம், பக்கத்துல நீல்ஸ் ஆத்து மடுவுல பெலிக்கன் பறவைங்க. ராத்திரி குளிர் ரெண்டு டிகிரிக்கு வந்துச்சு, டீசல் ஹீட்டர் போட்டுட்டு தூங்கினோம். மறுநாள் போய்ச் சேர்ந்த ஊட்னடாட்டால 1960 ஜனவரி 2ம் தேதி 50.7 டிகிரி வெயில் பதிவாகியிருக்கு, அதனால டிசம்பர், ஜனவரில இந்தப் பக்கம் வர நினைக்காதீங்க. பிங்க் ரோட்ஹவுஸ்ல டீசல் போட்டு பொண்ணுக்கு ஒரு பர்கர் வாங்கிக் கொடுத்து கிளம்பினோம்.

மார்லால தார் ரோட்டைப் பாத்ததும் எல்லாரும் இறங்கி டயருக்கு காத்து அடிச்சோம். மொத்தம் சுமார் 2,600 கிலோமீட்டர், 330 லிட்டர் டீசல், பஞ்சர் ஒண்ணு கூட இல்ல. வீட்டுக்கு வந்ததும் கிச்சனை முழுசா கழட்டிட்டேன், இந்த தடவை வேன் பாடில துளை போட்டு தகடு வச்சு கட்டுறேன், பேட்டரி கட்டிலுக்கு நடுவுல தாழ போகுது. அண்ணை அடுத்த ஜூலைக்கு பேர் கொடுத்துட்டார், எங்க பேரையும் சேத்தே.